பந்திக்கு முந்தும் தோள்

பிக்கரிங்கில் பெப்ரவரி.
காற்று ஊதி நிறுத்திய வெள்ளைக் கூடாரம்,
உள்ளே செயற்கைப் புல், மஞ்சள் பந்துகள்,
ஓயாத விசிறி இரைச்சல்.

நான் அடிக்கும் பந்து இடப்பக்கம் கிளம்பி
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல்
வலப்பக்கம் திரும்பும்.
எவ்வளவு தூரம் திரும்பியிருக்கும் என்று
கூடாரம் சொல்லாது.
எழுபது யார் தாண்டியதும் துணிச்சுவர் பந்தை வாங்கி
டொப்பென்று கீழே போட்டுவிடும்.
இரண்டு குளிர்காலம் அந்தச் சுவரை நம்பி
நன்றாக ஆடுகிறேன் என்றிருந்தேன்.

மார்ட்டீன் என் கைபேசியைப்
பந்துக்கூடையில் சாய்த்து வைத்தாள்.
பின்னால் நின்று நானே என்னைப் பார்த்தேன்.
மட்டை மேலே போனது, சரி.
இறங்கும் நேரத்தில்
யாரோ இலை போட்டாச்சு என்றதுபோல்
வலது தோள் எழும்பி முன்னால் பாய்கிறது.
முழங்கை விலாவை விட்டு ஓடுகிறது.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே,
இரண்டையும் ஒரே உடம்பில் கண்டேன்:
முந்துவது தோள்,
பிந்துவது இடுப்பு.

"எங்கே பழகியது இது?" என்றாள்.
தெரியும். சொல்லவில்லை.
பதினோரு வருடமாக இரவு பதினொன்றுக்கு
பாண் தட்டுகள் அடுக்கிய இரும்புத் தள்ளுவண்டியை
லொறியின் வாயிலிருந்து இழுக்கிறவன்.
ஈரத் தரையில் காலை நம்ப முடியாது,
தோளைக் கொடுத்தேன்.
வீட்டுக் கடனில் பாதியைத் தோள்தான் கட்டியது.
இப்போது அதனிடம் போய்
நீ கொஞ்சம் பொறு என்றால்
கோபம் வராதா?

அவள் ஒரு துவாயை மடித்து
என் வலது கக்கத்தில் செருகினாள்.
"இது விழக்கூடாது.
மேலே போனதும் ஒரு மூச்சு நில்லுங்கள்.
இலக்குக்கு முதுகைக் காட்டியபடியே இருங்கள், இன்னும் கொஞ்சம்.
இடது குதிகால் முதலில் நிலத்தை அமத்தட்டும்.
கை தானாக விழும்."

கை தானாக விழுவதாம்!
நாற்பத்தெட்டு வயதில் அப்படியொன்றை
என் கைகள் கேள்விப்பட்டதே இல்லை.
முப்பது பந்துக்கு இருபத்தாறு தடவை
விழுந்தது துவாய்தான்.
இரண்டு தடவை பந்தைத் தொடவே இல்லை.
பக்கத்துத் தடுப்பில் ஒரு சிறுமி
தகப்பனிடம் ஏதோ கேட்டாள்.
என் பக்கம் பார்க்காமல் இருக்க
அந்த மனிதர் படாத பாடு பட்டார்.

ஒன்பது மணி. வாகனத் தரிப்பிடம்.
உப்பு விழாத ஒரு துண்டுக் கறுப்புப் பனி.
வலது கால் போயே விட்டது.
இடது பாதம் நிலத்தைப் பிடித்தது,
இடுப்பு சுழன்று அதன்மேல் வந்து இருந்தது,
தோள் எல்லோருக்கும் பிறகு,
அழைப்பிதழைத் தொலைத்த விருந்தாளி மாதிரி
மெல்ல வந்து சேர்ந்தது.
மட்டைப்பைகூடச் சரியவில்லை.
வாயால் புகை விட்டுக்கொண்டு நின்றேன்.
இந்த வரிசை உடம்புக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.
நான்தான் கேட்கவில்லை.

திரும்பி உள்ளே. இன்னொரு சின்னக் கூடை.
பெரிதாக மாறியது என்று சொல்ல மாட்டேன்.
பதினேழாவது பந்து மட்டும்
கையில் எதுவுமே தெரியாமல் போனது.
சத்தமும் வேறு:
ஒரே வெட்டில் தேங்காய் பிளக்கிற சத்தம்.
நேரே போய்,
துணிச்சுவரில் எழுதிய எழுபதின் சுழியத்தில் பட்டது.
பதினெட்டாவது வழக்கம்போல் வலப்பக்கம்.

பதினொன்றுக்கு வேலை.
தள்ளுவண்டியின் கைப்பிடி குளிர்ந்து கிடந்தது.
பிடித்தேன்.
தோள் எழும்பப் பார்த்தது.
பொறு என்றேன்.
இடது குதிகாலை ஊன்றினேன்.
இடுப்பு திரும்பியது, கொஞ்சம் வெட்கத்தோடு.
தட்டுகள் குலுங்காமல் இறங்கின.
பின்னால் நின்ற ரத்னேஸ்வரன்
"என்ன அண்ணை, நடனமோ?" என்றான்.