வல்லின ற

பியூலாவின் ஞாயிறு பள்ளி நோட்டில்
ஒரே ஒரு பிழை.
தேவ இரக்கம் என்று வரவேண்டிய இடத்தில்
தேவ இறக்கம் என்று எழுதியிருக்கிறாள்.
கனகாபாய் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு
ஓரத்தில் எழுதிவிட்டாள்:
இடையின ர. மூன்று தடவை எழுதி வா.

அந்தத் தாளைக் கிழித்துத்தான்
எண்ணூறு ரூபாயை மடித்து
பணகுடியிலிருந்து கொடுத்துவிட்டிருக்கிறாள் மைனி.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி,
எலும்பு வார்டு வராந்தா, ராத்திரி ஒன்றரை மணி.
ரூபாயை எண்ணாமல்
வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இறக்கம்.
எனக்குத் தெரிந்த சொல்தான்.

காத்தாடி வேலை என் வீட்டுக்காரருக்கு.
எண்பது மீட்டர் ஏணி.
ஏறும்போது சொல்லமாட்டார்.
சாயங்காலம் போன் வரும், ஒரே வார்த்தை:
"இறங்கியாச்சு."
அதன்பிறகுதான் உலை வைப்பேன்.
பதினோரு வருஷம்
எங்கள் வீட்டுச் சோறு
அந்த ஒரு வார்த்தையில் வெந்தது.

போன செவ்வாய்க்கிழமையும் போன் வந்தது.
வேறு குரல்.

மூன்றாம் தட்டில் பெல்ட் கொக்கி விட்டுவிட்டதாம்.
இவர் மாட்டவே இல்லை என்று
தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து
கையெழுத்துக் கேட்கிறான் கம்பெனி ஆள்.
ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்திருந்தான்.
பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் பேனா முனையால்
இவர் உள்ளங்காலில் கோடு கிழிக்கிறார்.
இவரோ மேலே மின்விசிறியைப் பார்த்து,
"மூணு இறக்கை, கிரீஸ் இல்லாமக் கத்துது.
நான் ஏற மாட்டேன், வேற ஆளப் பாருங்க" என்கிறார்.
சிரித்தது நான் மட்டும்.
பிறகு பாத்ரூமில்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆறு ராத்திரியாக ஒரே ஜெபம்:
ஆண்டவரே, உமக்கு மனசு இரங்கலையா.
எங்கேயோ உச்சியில் இருப்பவரிடம்
அண்ணாந்து கேட்டுக் கேட்டு
கழுத்து வலிக்கிறது.
சேகரத்து ஐயர் வந்து ஜெபித்துவிட்டு
எல்லாம் நன்மைக்கே என்றார்.
நல்ல மனுஷர்தான். ஆனால்
அந்த வார்த்தை என் தொண்டைக்குக் கீழே போகவில்லை.

இரங்கலையா, இறங்கலையா.
வாயால் சொன்னால் ரெண்டும் ஒன்றுதான்.
எழுதும்போதுதான் பிரிகிறது.

இரங்குவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.
கம்பெனி ஆள்கூட இரங்கத்தான் செய்தான்.
இறங்குவது அப்படி இல்லை.
முதுகைக் காட்டித் திரும்பி,
அடுத்த கம்பியைக் காலால் துழாவ வேண்டும்.
கை வியர்க்கும்.
குழாய்க்குள் இருட்டு, கிரீஸ் நாற்றம்,
காற்று வேறு ஆட்டும்.
ஒரு கம்பி. இன்னொரு கம்பி.
கடைசியில்
மாட்டுத்தொழுவின் சாணிமேல்
முதல் பாதம்.

அவருக்கும் ஒருவரும் கொக்கி மாட்டவில்லை.
வந்தவரை நாம் பத்திரமாகவும் அனுப்பவில்லை.
உயிர்த்த உடம்பிலும்
துளை அப்படியே இருந்தது.

இதை நினைத்ததும்
இவர் கால் அசைந்துவிடவில்லை.
பக்கத்துப் பெட் களக்காட்டுக்காரி மட்டும்
தூக்கத்திலேயே புரண்டு
பாயில் பாதியை எனக்கு விட்டாள்.
பேர்கூடக் கேட்டதில்லை.
படுத்தேன்.
தரை குளிர்ந்திருந்தது.
தரைதான் அவர் வந்து சேர்ந்த இடம் என்று
தோன்றியபோது
மேலே பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.
ஒரு மணி நேரம் தூங்கினேன், ஆறு நாளில் முதல் தடவை.

டீச்சர் சொன்னது சரிதான், பியூலா.
பரீட்சையில் இடையினமே எழுது,
மூன்று தடவையும் எழுதிவிடு.
இந்தத் தாள் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.
கம்பெனித் தாளில் நான்
கையெழுத்துப் போடப்போவதில்லை.

நாலரைக்கு வெந்நீருக்கு வரிசை கூடிவிடும்.
பிளாஸ்கை எடுத்துக்கொண்டு
ஸ்ட்ரெச்சர் தள்ளும் சரிவில் போகிறேன்.
செருப்பு வழுக்குகிறது.
சுவரைப் பிடித்து, காலால் துழாவி,
கீழே வந்து சேர்ந்ததும்
யாரிடம் என்று தெரியாமல்
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்:
"இறங்கியாச்சு."

முன்னால் தூக்குவாளியோடு நின்ற ஆள் திரும்பி,
"வரிசை அந்தப் பக்கம்மா" என்றார்.