கவலையில் எட்டில் ஒரு பங்கு

சொத்து விவரம் என்று தட்டியதும்
மீதியை விரல்களே பார்த்துக்கொள்ளும்:
நூற்று ஐம்பத்தேழாம் எண்
கொளத்தம்பாக்கம் கிராமம்.

கிராமம் என்றதும்
எதிர் நாற்காலியில் வாஜித் நிமிர்ந்தார்.
"மெட்ரோ தூண் தெரியற ஃப்ளாட் மேடம் அது.
நாலாவது மாடி."
இருக்கட்டும் சார்,
தாசில்தாருக்கு இன்னும் கிராமம்தான்.

பதினெட்டு வருடமாக
பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் தட்டுகிறேன்.
கொளத்தம்பாக்கத்தில் நான் கால் வைத்தது
இரண்டு முறை, அதுவும் பல் டாக்டருக்காக.
ஆனால் வடக்கே வண்டிப்பாதை,
கிழக்கே ஏரிக்கரைப் புறம்போக்கு,
தெற்கே லாசர் வகையறா புஞ்சை,
மேற்கே கலங்கலில் இருந்து வரும் வாய்க்கால்
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
காகிதத்தில் அந்த வாய்க்கால்
எந்தச் சித்திரையிலும் வற்றியதில்லை.

ஊரின் வரலாறு ஒரு பக்கம் தேறாது.
ஈஸ்வரன் கோயில் அடித்தளத்தில்
பாதி எழுத்து தெரியும்,
பாதிக்கு மேல் டைல்ஸ்.
தெரிகிற பாதியில் யாரோ ஒருத்தி
ஒரு நந்தா விளக்குக்கு
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு விட்டிருக்கிறாள்.
அவள் பெயர் டைல்ஸுக்கு அடியில்.
ஆடுகள் சாகவும் இல்லை, மூக்கவும் இல்லை.
எங்கே மேய்கின்றன என்று கேட்காதீர்கள்.

பிறகு வெகுகாலம் ஒன்றும் நடக்கவில்லை.
நடந்ததை எழுத ஆளில்லை என்றும் சொல்லலாம்.
அப்புறம் சங்கிலியோடு ஒரு வெள்ளைக்காரச் சர்வேயர்.
ஊர் பேர் என்ன என்றான்.
வெற்றிலை வாயோடு யாரோ சொன்னார்கள்.
அவன் காதில் விழுந்தது கொலம்பாக்.
பஸ் பலகையின் இங்கிலீஷில் இன்றும் அதே.
நஞ்சைக்கு எண், சுடுகாட்டுக்கு எண்,
அரசமரத்துக்குக்கூட ஒரு புள்ளி.
சேரிக்கு மட்டும் தனித் தாள்,
ஏரிக்கு அந்தப் பக்கம்.

ஏரி?
லேக் வியூ அவென்யூ முதல் தெருவில் தொடங்கி
ஏழாவது தெருவில் முடிகிறது.
கலங்கல் கல் மேல் பஞ்சர் கடை.

எல்லாரும் தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.
வாஜித் வரிவரியாகப் படித்தார்.
ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது:
"கிணற்றிலும் கவலையிலும் எட்டில் ஒரு பங்கு பாத்தியம் உட்பட."

"கவலையில பங்கா?
அது ஏற்கெனவே வீட்ல நிறைய இருக்கு மேடம்."

மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது சார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில்
யாரோ எழுதியது.
அன்றிலிருந்து நகல், நகலின் நகல்.
அடித்தால் பேங்க் வக்கீல் பத்துக் கேள்வி கேட்பார்.

அவர் போனில் கணக்குப் போட்டார்.
முப்பத்திரண்டு வீடு,
ஆளுக்கு இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று.
சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

பிப்ரவரியில் போன்.
மழை விட்டு இரண்டு மாதம்,
லிஃப்ட் குழியில் தண்ணீர்.
இறைத்தால் விடிவதற்குள் திரும்ப இடுப்பளவு.
சுத்தமாக, சில்லென்று,
உப்பே இல்லாமல்.
"மேடம், கிணறு கிடைச்சிடுச்சு."

மெயின்டனன்ஸில் புதிதாக ஒரு வரி ஏறிவிட்டதாம்,
மோட்டார் கரண்ட் என்று.
தரைத்தளம் தர மாட்டேன் என்கிறது,
அவர்களுக்கு லிஃப்ட் எதற்கு?
நாலாவது மாடி முட்டி வலியோடு படி ஏறுகிறது.
இதற்கு நடுவில் லாரிக்காரன் ஒருவன்
லோடுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

மீதி ஏழு பங்கு யாருடையது,
வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்றார்.
பழைய கட்டை எடுக்க மூன்று நாள், இருநூறு ரூபாய்.
ஐந்து பேர் வாரிசு தெரியாமல் போய்விட்டார்கள்.
ஒரு பெயரைக் கரையான் படித்து முடித்திருந்தது.
ஏழாவது,
மேற்படி கிராமத்து ஈஸ்வரன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அவர்கிட்ட கையெழுத்து..."

அறநிலையத் துறைக்கு மனுப் போடணும் சார்.
ஸ்டாம்பு தனி.