ஆயிரத்துக்குப் பதினைந்து குறைவு

ஆர்டரில் ஆயிரத்துக்கு ஆயிரம், மில்லிமீட்டரில்.
பைபாஸில் திறக்கப்போகும் ஓட்டலுக்கு.
மேலூர்ப் பட்டறையில் வெள்ளக்கண்ணு பிளேடை இறக்கியபோது
மூலையில் ஒரு சில்லு பறந்து
தண்ணீர்க் குழாயைத் தாண்டி விழுந்தது.
"பதினஞ்சு போச்சுக்கா" என்றான்,
ஏதோ என் காசு போன மாதிரி.

இரண்டு பக்கம் சீவியபின்
நீளமும் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, அகலமும்.
மட்டம் பார்ப்பது என் வேலை.
மூலைக்கு மூலை டேப்பை இழுத்தேன்:
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மறு மூலைக்கும் அதே.
கோட்டின் மேலேயே நின்றது.

பதினோரு வருஷம் பார்த்துவிட்டேன்,
சதுரத்தின் மூலைவிட்டம்
இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்காவது
வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.
இப்படி வந்து சம்மணமிட்டு உட்காராது.

சாக்பீஸ் எடுத்தேன். கல்லில் ஈரம், எழுத்து ஊறியது.
பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கி இரட்டித்தால்
பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரத்து நானூற்று ஐம்பது.
மூலைவிட்டத்தை அதனாலேயே பெருக்கினால்
அதே லட்சம், அதே ஆயிரம்,
நானூற்று
நாற்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது.
பத்தொன்பது லட்சத்தில் ஒன்று.

செல்போனில் தட்டினேன்:
1393, புள்ளி, மூன்று சுழியம்,
அப்புறம்தான் வால் தொடங்குகிறது.
ஒரு தலைமுடியை இருநூறாகக் கிழித்தால் வரும் இழை.
என் டேப்புக்குக் கண் தெரியாது,
கல்லுக்கு?

எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்தேன்.
நானூற்றெட்டை இரட்டித்து நூற்றறுபத்தொன்பதைச் சேர்த்தால் இது.
அதற்கு முன் எழுபது, இருபத்தொன்பது, பன்னிரண்டு,
ஐந்து, இரண்டு, கடைசியில் ஒன்று.
எல்லாம் அதே சட்டம்: இரட்டி, முந்தினதைக் கூட்டு.
வழியில் விட்டுவந்த பன்னிரண்டும் இருபத்தொன்பதும்
தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு
பின்வாசலில் கைகோத்து நின்றன:
நூற்று நாற்பத்து நான்கு, எண்ணூற்று நாற்பத்தொன்று.
கூட்டினேன். மறுபடி தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.

நாலு மணிக்கு ஓட்டல்காரர் தேவசகாயம் வந்தார்.
சாக்பீஸ் கணக்கைச் செருப்போடு மிதித்தார்.
"பதினஞ்சு கொறையுதே."
ஆயிரங்கால் மண்டபத்திலும்
தூண் தொள்ளாயிரத்து எண்பத்தைந்துதான் என்கிறார்கள் சார்,
பெயரை யாரும் குறைக்கவில்லையே என்றேன்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை, அதைச் சொல்லவில்லை.
அவர் சிரிக்கவும் இல்லை. கல்லை எடுக்கவும் இல்லை.

இப்போது அது ஜெனரேட்டர் ரூம் சுவரில் சாய்ந்திருக்கிறது.
வெள்ளக்கண்ணு அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறான்.

அந்த ஒன்று எனக்குத் தீரவில்லை.
அடுத்த சதுரம் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு.
அதில் குறைவு இல்லை, ஒன்று கூடுகிறது.
அதற்கடுத்ததில் மறுபடி குறையும்.
எவ்வளவு பெரிய கல் அறுத்தாலும்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று;
சரியாக ஒருபோதும் இல்லை.

கிரேன் ஓட்டும் பிச்சைக்கனியிடம் கேட்டேன்,
ரெண்டே முக்காலே அரைக்கால் இல்லை,
ரெண்டு மீட்டர் முப்பத்தேழு சொச்சம், சதுரமாய், தூக்குமா என்று.
"யாருக்கு ஆர்டர்?" என்றார்.

யாருக்கும் இல்லை.
சும்மா மூலைக்கு மூலை
டேப்பைப் பிடித்துப் பார்க்கத்தான்.