எள்ளும் எலிப்புழுக்கையும்

இருபத்திரண்டு வருசம்
கோதுமை மாவுக்குள் கிடந்த கை இது.
எப்போது இழுபடும், எப்போது போதும் என்று சொல்லும்,
கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டொக்டர்
பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னா:
"குடலுக்கு ஒத்துவரேல்லை. கோதுமை இனி வேண்டாம்.
ஒரு துணிக்கைகூட."
என்ன வேலை செய்யிறீங்கள் என்று
பிறகுதான் கேட்டா.
சொன்னேன்.
பேனையைத் திரும்பவும் திறந்தா.
ஒன்றும் எழுதவில்லை.

கொக்குவில் சந்திக்குக் கிட்ட எங்கள் வெதுப்பகம்.
போறணைப் பக்கம் இப்போது றெஜினோல்ட்.
நான் காசுமேசையில்,
மூக்குக்கும் வாய்க்கும் கவசம் கட்டி,
விடியப்புறம் நாலரைக்கு
ஊருக்குப் பாண் விற்கிறேன்.
சூடாறும்போது பாணின் மேல்தோல் வெடிக்கிற சத்தம்
கேட்காத இடமாய்ப் பார்த்து
மேசையை நகர்த்தினேன்.
கடை சின்னது.
கேட்கிறது.

ஐஞ்சுசந்தியில் நௌசாத்தின் கடை.
பதினொரு வருசம் டோஹாவில் சமைத்த மனிசன்
மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை இறக்கினான்.
தஹினி, என்றான்,
கோதுமை பேருக்கும் இல்லை,
இதிலே பிஸ்கட் போட்டுப் பாருங்கோ.
மூடியைத் திறந்து மணந்தேன்.
"எள்ளல்லோ?"
"எள்ளுத்தான். வெளிநாடு போய் வந்த எள்ளு."

வீட்டில் சுகிர்தா போத்தலைப் பார்த்தாள்.
"கோதுமைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறியளோ?"
நான் சிரிக்கவில்லை.
ஆனால் சரியாகத்தான் கேட்டாள்.

ஞாயிறு பின்னேரம். கரண்ட் நின்று வந்தது.
சிவப்பரிசி மா, இரண்டுதரம் அரித்தது.
சீனி. ஒரு முட்டை. விரல்நுனி உப்பு.
கரண்டியை விட மனமில்லாமல் இறங்கிய தஹினி.
கை தன்பாட்டில் பிசையப் போனது.
பிசைய அங்கே ஒன்றுமில்லை.
இழுத்தால் வராது, மடித்தால் மடியாது.
இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல்
இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் தட்டு உருகி ஓடி
ஒரே பிஸ்கட்டாகப் போனது.
கசூரினாக் கடற்கரையில் முகங்குப்புற விழுந்தமாதிரி
வாயெல்லாம் மணல்.

இரண்டாவது குழையலை மூடி வைத்தேன்,
ஒரு மணித்தியாலம்,
அரிசிமா எண்ணெயைக் குடிக்கட்டும் என்று.
காத்திருக்கிறது கோதுமையிடம் படித்தது.
அது மட்டும் இங்கேயும் செல்லுபடியானது.

சொக்லேட் துண்டுகளைக் கொட்டினபோது
சுகிர்தா எட்டிப் பார்த்தாள்.
வெளிறின எள்ளுக் குழையலில்
கறுப்புக் கறுப்பாய்.
கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு அவள்தான் தொடங்கினாள்,
"எள்ளுக் காயுது எண்ணெய்க்கு..."
மிச்சத்தைச் சொல்லி முடிக்க ஏலாமல்
குசினி நிலத்தில் இருந்து சிரித்தாள்.
ஆஸ்பத்திரிக்குப் பிறகு
இந்த வீட்டில் விழுந்த முதல் சிரிப்பு.
எலிப்புழுக்கை ஏன் காயுது என்று
காலங்காலமாய்க் கேட்ட சனங்களே,
இந்தாருங்கோ:
பன்னிரண்டு நிமிசம், நடுத்தட்டில்.

ஓரம் பல்லுக்குக் கறுக்கென்றது.
நடு இளகல்.
முதலில் எள்ளின் சின்னக் கசப்பு,
அதற்குப் பின்னால் அவசரமில்லாமல் சொக்லேட்.
பாண் இல்லை இது.
பாண் மாதிரியும் இல்லை.
அதற்காக நான்
இரண்டாவதை எடுக்காமல் விடவுமில்லை.

விடிய, ஒன்றை ஈயத்தாளில் சுற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன்.
போறணைச் சூடு காசுமேசைவரை வரும் என்பதை
இத்தனை வருசமும் அதற்கு முன்னால் நின்றவன்
மறந்துபோனேன்.

ஆறு மணிக்கு இரண்டு றாத்தல் வாங்கின ஓட்டோக்காரப் பெடியன்
என் நெஞ்சைக் காட்டிக் கேட்டான்:
"அண்ணை, பேனை கக்கிப்போட்டுது போல."

குனிந்து பார்த்தேன்.
இடப்பக்கம், பெருவிரல் அளவில், ஒரு கறுப்பு.
கவசத்துக்குள்ளாலும் எள்ளு மணத்தது.

ஓம், என்று சொல்லி
மீதிக் காசை எண்ணிக் கொடுத்தேன்.