கண்டறி எல்லை

போத்தலை மூன்று முறை அலசு.
நான்காவது தண்ணீர்தான் மாதிரி.
முப்பது வருடத்தில்
இதை மட்டும் பிழையில்லாமல் செய்திருக்கிறேன்.

தலவாக்கலை பஸ்ஸில்
ஐஸ்பெட்டி என் மடியில் இருக்கும்.
"மீனா மிஸ்?" என்பான் கொண்டக்டர்.
ஒருநாள் அலுத்துப்போய் ஆமென்றேன்.
"என்ன மீன்?"
எனக்கு ஒரு மீனின் பெயரும் வரவில்லை.

ஸ்ட்ராத்வெல் தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
லயத்துக்கு ஒரே பீலி.
மேலே ஏழாம் நம்பர் மலை.
மலைக்கும் பீலிக்கும் நடுவே
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கான்.
காட்டித் தந்தவர் இருதயநாதன்.
முதுகில் டாங்கி,
வார் வழியே கசிந்த நீலம்
சட்டையில் இடுப்புவரை இறங்கியிருந்தது.
தோட்டத்தில் நஞ்சுக்கு மருந்தென்று பெயர்.
அடித்து முடித்தால் முழுப்பேர்,
நடுவில் மழை வந்தால் அரைப்பேர்.
அடைத்த குழல்முனையை
வாயில் வைத்து ஊதிக் கசடு நீக்கிக்கொண்டே
கேட்டார்:
"தண்ணி நல்லமா மிஸ்?"

பேராதனையில் அன்றைக்கு இருந்த கருவி
நூறு கோடியில் ஐம்பது பங்குவரைதான் பார்க்கும்.
அதற்குக் கீழே குருடு.
மலைநாட்டுத் தண்ணீரைத்தான் கொடுத்தேன்,
ஒரு மேடுகூட இல்லாத கோட்டை வரைந்து தந்தது.

கண்டறியப்படவில்லை.
பதினோரு எழுத்து.
பிள்ளைமடுவத்தில் முப்பது பேர்
வேலை விட்டு வந்த ஈரத்தோடு நிற்க,
தொட்டிலில் ஏதோ ஒன்று வீரிட்டு அழ,
மூன்றெழுத்தாகச் சுருக்கிச் சொன்னேன்:
இல்லை.

அவர்கள் குடத்தோடு வந்திருந்தார்கள்.
போகும் வழியில் நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த ஆய்வில்தான்
நான் சிரேஷ்ட விரிவுரையாளர் ஆனேன்.

சேற்றையும் எடுத்து வைத்திருந்தேன், ஏனென்று தெரியாமல்.
பீலிக்குக் கீழே குழாய் இறக்கி எடுத்தது,
உறைய வைத்து, திகதி எழுதி, மறந்தது.
மின்வெட்டு வருடத்தில்
கட்டுகஸ்தோட்டை நிஸ்தார் நானாவின் கடையில்
ஜெனரேட்டர் ஓடியது.
சீலாவுக்கும் இறாலுக்கும் நடுவே
என் சேறு பதினொரு நாள் கிடந்தது.
கொண்டக்டருக்கு இப்போது
பதில் சொல்லியிருக்கலாம்.

புதுக் கருவி போன மாசியில் வந்தது.
சும்மா சரிபார்க்கத்தான் பழைய சேற்றை ஓட்டினேன்.
ஆறாம் நிமிடத்தில் ஒரு மேடு.
வெறும் கரைசலை ஓட்டினேன்,
கோடு படுத்தே கிடந்தது.
மறுபடி சேறு.
மறுபடி அதே இடத்தில், அதே மேடு.
நூறு கோடியில் பதினெட்டு.
குருட்டுக் கண்ணுக்குக் கீழே
அத்தனை வருடமும் அது
அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

பதினெட்டு யாரை என்ன செய்தது,
எந்த வயிற்றை, எந்தச் சிறுநீரகத்தை,
இந்த எண் சொல்லாது.
நானும் சொல்லப்போவதில்லை.
இந்தமுறை எழுத்தைக் கூட்டவும் மாட்டேன்,
குறைக்கவும் மாட்டேன்.

இருதயநாதன் பென்ஷனில் இருக்கிறார்.
காம்பிராவுக்கு முன்னால்
இரண்டு பாத்தி கோவா.
தாளை அவரிடம் கொடுக்கவில்லை.
வாயால் சொன்னேன்:
"அப்போது இல்லை என்றேன்.
கருவிக்குத் தெரியவில்லை என்றுதான்
சொல்லியிருக்க வேண்டும்.
இருந்திருக்கிறது."

கோவா இலையைப் புரட்டி
ஒரு புழுவை நசுக்கினார்.
கையைச் சாரத்தில் துடைத்தார்.
நான் தயாரித்துப் போயிருந்த மன்னிப்பு
தொண்டையிலேயே நின்றது, அவர் கேட்கவில்லை.

"அந்தக் கான மூடிட்டாங்க மிஸ்.
புதுசு பின்பக்கமா வெட்டியிருக்கு.
காட்டுறன் வாங்க.
கால்ல சவுக்காரம் பூசிக்கங்க, அட்ட ஏறும்."

பெட்டியை அவர்தான் தூக்கினார்.
இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்,
நான் வாங்கிக்கொள்ள விடவில்லை.
புதுக் கானில் தண்ணீர்
கண்ணாடி மாதிரி ஓடியது.
கண்ணாடி மாதிரி என்பதை
நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

ஒன்பது போத்தல்.
முதலாவதை முக்கினேன், ஊற்றினேன்.
முக்கினேன், ஊற்றினேன்.
மூன்றாம் முறை ஊற்றும்போது
பின்னாலிருந்து கேட்டார்:

"நாலாவதுதானே மிஸ், கணக்கு?"