திசைகொண்ட எண்கள்

எட்டு வருடமாக எனக்கென்று ஒரு வகுப்பில்லை.
சோக்குத் தூள் படாத கைகள்.
பேனாவின் நீலம் மட்டும்
நடுவிரலில் ஒரு மச்சம் போல.

கணித ஆலோசகர் என்கிறது கழுத்தில் தொங்கும் அட்டை.
ஏழேகால் பஸ். சீனன்குடா தாண்டி
கிண்ணியாப் பாலத்தில் அது வேகமெடுக்கும்போது
படிவங்களை மடியோடு அமத்திப் பிடிப்பேன்.
இருபத்திரண்டு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தரம்.
கடற்காற்றுக்கு அவற்றின் மேல்
எப்போதும் ஒரு கண்.

மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.
அதிபர் நெக்டோ வாங்க ஒரு பொடியனை அனுப்பிவிட்டு
சம்பவத்திரட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தார்.
பழைய பக்கங்களைப் புரட்டினேன், சும்மாதான்.
ஆறு வருடத்துக்கு முந்திய என் கையெழுத்து:
'திசைகொண்ட எண்களில் மேலதிகக் கவனம் தேவை.'
மூன்று வருடத்துக்கு முந்தியது:
'திசைகொண்ட எண்களில் மேலதிகக் கவனம் தேவை.'
முற்றுப்புள்ளிகூட இடம் மாறவில்லை.
இரண்டுக்கும் கீழே
அடிமட்டம் வைத்துச் சிவப்பில் கோடு.
மிக நேரான கோடு.

மூன்றாவது தடவை எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
மூடினேன்.
"ஏழாம் தரத்தை இன்றைக்கு நான் எடுக்கட்டுமா?"

ஃபஸ்லியா ரீச்சர் சோக்கை நீட்டினார்,
தூங்கும் பிள்ளையைக் கைமாற்றுகிற கவனத்தோடு.
பின்வாங்கில் போய் அமர்ந்தார்.

வழிகாட்டியில் உள்ளபடியே தொடங்கினேன்.
வெப்பமானி வரைந்தேன். பூச்சியத்துக்குக் கீழே பத்து.
"அந்தக் குளிர் எப்படியிருக்கும் மிஸ்?
வாடியில ஐஸ் பெட்டிக்குள்ள கை வச்ச மாதிரியா?"
அதைவிட, என்றேன்.
"எவ்வளவு அதைவிட?"
எனக்கென்ன தெரியும்.
நுவரெலியாவில் ஒரு செயலமர்வு, இரண்டு நாள்.
அறைக்குள் ஹீட்டர் போட்டிருந்தார்கள்.

பிறகு மறை மூன்றிலிருந்து மறை ஐந்தைக் கழிக்கும் இடம்.
'ரெண்டு மறை சேர்ந்தால் நேர்' என்று
என் வாய் என்னைக் கேளாமலே சொன்னது.
சொல்லிக் கொடுக்கவே கூடாதென்று
பதினான்கு கருத்தரங்குகளில் நான் மறித்த வசனம்.
முப்பத்தொரு கொப்பிகளில் அது இறங்கியது,
ஒரே உராய்வுச் சத்தத்தில்.

மணியடித்தது.
சீஆர் கொப்பியில் கிழித்த அரைத்தாளோடு வந்தார் ரீச்சர்.
"கோபிக்கப்படாது மிஸ்.
நாப்பது நிமிசத்தில முப்பத்தாறு நிமிசம்
பலகையோடயே கதைச்சீங்க.
ஜன்னலோரம் சுஹைதா ரெண்டுதரம் கை தூக்கினா."
நான் காணவில்லையே.
"காணல்ல" என்றார்,
தாளில் அதையும் எழுதியிருந்தார்.

அடுத்ததும் கணிதந்தான். பின்வாங்கு இப்போது எனக்கு.
மேசையில் காம்பசால் கீறிய ஒரு வள்ளம்.
சுஹைதா எழும்பி நின்றாள்.
வாப்பாவின் தோணிக் கணக்கை எழுதுகிறவளாம்.
"கையில ரெண்டாயிரம் இருக்கு. முதலாளிக்குக் கடன் ஐயாயிரம்.
அப்ப நாங்க எங்க நிக்கிறம்?"
மறை மூவாயிரத்தில், என்றது வகுப்பு.
"முதலாளி அந்தக் கடனை வெட்டிட்டாரு. இப்ப?"
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"கையில உள்ள ரெண்டாயிரம் நம்மட!"
கத்தியது ஐஸ் பெட்டிப் பொடியன்.
"எந்த முதலாளி வெட்டுவான்?" என்றது வேறொரு குரல்.
அதற்கு ரீச்சரும் பதில் சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன்,
படிவத்தில் ஒரு கூட்டையும் நான் நிரப்பவில்லை.
நெக்டோ சூடாகிப் போயிருந்தது.
புத்தகத்தில் திகதியிட்டு எழுதினேன்:
'திசைகொண்ட எண்களில் ஆலோசகருக்கு மேலதிகக் கவனம் தேவை.
புதன்கிழமை மறுபடி வருவேன். மூன்றாம் பாடவேளை.'

அதிபர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.
இன்னொரு தடவை வாசித்தார்.
பிறகு லாச்சியைத் திறந்து
அடிமட்டத்தைத் தேடத் தொடங்கினார்.