ஐம்பதுக்குக் கீழே

செம்பனை சாய்த்த மேட்டில்
இப்போது கண்ணாடி வரிசை.
மதியம் இரண்டே கால்.
கெடா முழுக்க விரித்தாற்போல்
ஒரு மேகம், அவசரமில்லாமல்.

திரையில் 49.96.
49.89.
நளாயினி தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை,
குடிக்கவும் இல்லை.

பழைய டர்பைன் என்றால்
மிதிப்பதை விட்டாலும் ஓடும் சைக்கிள்,
நாலு மூச்சாவது தாங்கும்.
வெயிலுக்கு அந்தக் கனம் கிடையாது.
இருந்தால் இருக்கும், போனால் போச்சு.

49.81.
பேட்டரிக் கொட்டகை உறுமியது.
எண் நின்றது,
யோசித்தது,
ஏறியது.

கீழே பட்டணத்தில்
சலூன் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது,
பாதி மீசையோடு ஒருவர் தூங்கினார்.

மில்லின் மின்கடிகாரம் மட்டும்
ஓர் இமைப்பு பிந்தியது.
அதைப் பார்த்துத்தான்
மூன்று மணிச் சங்கை ஊதுவான்
துரைசிங்கம்.